பழைய வண்டியும் வீட்டுப் பட்டறையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் சமதரை முடிந்து மலை தொடங்கும் இடம் ரம்புக்கனை. அதுவரை இரட்டைப் பாதையாக வந்த தண்டவாளம் அங்கே ஒற்றைப் பாதையாகிக் கடுகண்ணாவைக் கணவாயை நோக்கி ஏறத் தொடங்குகின்றது. ஏறக்குறைய 45 அடி முன்னே சென்றால் ஓரடி உயரும் ஏற்றம் அது. 1867ஆம் ஆண்டில் கண்டிக்கு முதற் புகையிரதம் சென்றது. நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், பாரமான வண்டித்தொடர் ரம்புக்கனையை அடைந்ததும் அதனைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் இயந்திரம் பூட்டப்படுவது வழக்கமாயிருந்தது. ஏறுகிறவனுக்கு உதவி செய்ய இன்னொருவன் வரலாம். இறங்குகிறவனுக்கோ தன் பிறேக்கை விட்டால் வேறு துணை கிடையாது. மலைநாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் மனத்திலிருத்த வேண்டிய முதற்பாடம் இது. பழைய வண்டியைத் தம் வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்த்துப் பேணுவோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ரம்புக்கனையைச் சூழ்ந்த கேகாலை மாவட்டம் றப்பரும் தென்னையும் மிளகும் தேயிலையும் விளையும் நாடு. கேகாலைக்கும் மாவனல்லைக்கும் செல்லும் நல்ல தெருக்களை விட்டு விலகித் தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்தால் காட்சி மாறிவிடும். ஒரு மழைக்காலத்தில் கல் பெயர்ந்த இடம் மறு மழைக்காலத்தில் ஓடையாகிக் கிடக்கும். அத்தகைய பாதையில் பசளை மூட்டையும் றப்பர் ஷீற்றும் கொழுந்துச் சாக்கும் ஏற வேண்டும், இறங்க வேண்டும். நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணும் அதே பாதையால்தான் ஆசுபத்திரிக்குச் சென்றாக வேண்டும். நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி ஒன்று லயத்தருகே நிற்குமானால், அது ஓர் ஊருக்கே உரிய சொத்தைப் போன்றது.

இவ்வகை வண்டிகளின் வரலாற்றை இங்கே சுருங்கச் சொல்லுதல் தகும். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க விலிஸ் கம்பனியும் போர்ட் கம்பனியும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தன. யுத்தம் முடிந்தபின் மீந்தவை விவசாயிகளின் கைக்கு வந்தன. இங்கிலாந்தின் றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் வேல்ஸ் நாட்டு அங்கிள்சீத் தீவில் தமக்கிருந்த பண்ணையில் அப்படியொரு ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. வாங்குவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அந்தக் கேள்வியே லாண்ட் றோவர் பிறப்பதற்குக் காரணமாயிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. பழைய வண்டி ஒன்றை எப்படி ஓட்டிக்கொண்டிருப்பது என்ற கவலையிலிருந்தே அந்த வண்டி தோன்றிற்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டு முறையில் கிடைத்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே வண்டியின் அடிச்சட்டத்தையும் முன் தடுப்பையும் உருக்கினாற் செய்து, மேனித் தகடுகளை அலுமினியக் கலப்பு உலோகத்தாற் செய்தனர். வளைவு நெளிவு குறைந்த தட்டையான தகடுகள். கண்ணுக்குத் தெரியும் நட்டுகள். கைப்பிடியாற் சுழற்றியும் உயிர்ப்பிக்கக்கூடிய எஞ்சின். ஒரு சில ஸ்பனர்களைக் கொண்டு பெரும்பாகத்தைக் கழற்றிப் பூட்டிவிடலாம். 1958இல் இரண்டாந் தொடரும் 1971இல் மூன்றாந் தொடரும் வந்தன. 1985இல் மூன்றாந் தொடர் முடிவுற்றது. அதன் வழிவந்த டிபெண்டர் வண்டியின் பழைய வடிவமும் 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதியோடு நின்றது. செய்வது நின்றுவிட்டது, ஓடுவது நிற்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இது துரைமாரின் வண்டி. அதன் இரைச்சல் கேட்டதும் தொழிலாளர் பாதையோரம் ஒதுங்கி நின்றனர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறியபோது வண்டிகளும் மாறின. அன்று ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே இன வண்டியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்து நட்டுக் கழற்றுவதுண்டு. லாண்ட் றோவர் மட்டுமன்றி, மிற்சுபிசியின் டீசல் ஜீப்பும் இந்தியாவின் மகிந்திரா ஜீப்பும் இவ்வாறே வீட்டு வண்டிகளாகியுள்ளன. இப்பேச்சு லாண்ட் றோவரை முன்வைத்துச் செல்லினும் இதிற் கூறப்படுவனவற்றிற் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

பழைய வண்டியைக் கட்டியழுவது ஏன், புதியதை வாங்கினால் என்ன என்று கேட்போர் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டு பெப்ருவரியிலேதான் அது மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. அவ்வைந்தாண்டுக் காலத்தில் நாட்டில் உள்ளதைக் கொண்டே நாடு ஓடியது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. கையில் உள்ள வண்டியைக் காப்பாற்றத் தெரிந்தவர் பிழைத்தார். தெரியாதவர் தெருவில் நின்றார். ஆகவே வீட்டுப் பட்டறை என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. தோட்டப்புறத்தில் அது வாழ்க்கைக்கு வேண்டிய கல்வி.

ஆனால் அக்கல்வி பெரும்பாலும் தலைகீழாகவே தொடங்கப்படுகின்றது. பழைய வண்டி ஒன்றை வாங்கியவர் முதலில் எதைத் தொடுகிறார்? எஞ்சினைத் தொடுகிறார். அது உறுமி எழுந்துவிட்டால் அவருக்கு மகிழ்ச்சி. அடுத்த கணம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதையில் இறங்கிவிடுகிறார். ஓடாத வண்டி ஒருவரையும் கொல்வதில்லை என்பதை அவர் மறந்துவிடுகிறார். நிற்காத வண்டியே கொல்லும். எஞ்சின் பழுதானால் வண்டி வழியில் நிற்கும், பயணம் கெடும். பிறேக் பழுதானால் பயணம் மட்டுமா கெடும்? ஆதலால் வீட்டுப் பட்டறையின் முறை இதுவாதல் வேண்டும்: முதலில் நிறுத்தும் உறுப்புகள்; அடுத்துத் தாங்கும் உறுப்புகள்; கடைசியாக ஓட்டும் உறுப்புகள்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அதனைத் தூக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். சாதாரணக் காரின் கைப்பிறேக் பின் சில்லுகளைப் பிடிக்கும். பழைய லாண்ட் றோவரின் கைப்பிறேக் அப்படியன்று. கியர்பெட்டிக்குப் பின்னே, பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டில் உள்ள ஒரு டிறம்மை அது பிடிக்கின்றது. விலிஸ் ஜீப்பிலும் இதே அமைப்புத்தான். இதனால் விளையும் ஆபத்தைப் பலர் அறியார். பின் சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தினால், அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி அந்தச் சில்லை ஒரு பக்கம் சுழலவிட்டு, நிலத்திலுள்ள மற்றச் சில்லை மறுபக்கம் உருளவிடும். கைப்பிறேக் இறுகப் பூட்டியிருக்கும். ஆயினும் வண்டி நகரும். அடியில் ஒருவர் படுத்திருக்கும்போது இது நிகழ்ந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே சமதரையையே தேர்ந்து கொள்ள வேண்டும். நான்கு சில்லு இழுவையிற் பூட்டி, நிலத்திலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடித்து வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியிற் புகுதல் கூடாது. இரும்புத் தாங்கியை வைத்து அதன் மேல் பாரத்தை இறக்கிய பின்னரே புக வேண்டும். செங்கல்லையோ சீமெந்துக் கல்லையோ அடுக்கி முட்டுக்கொடுப்பது பெருந் தவறு. கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும்.

இனிப் பிறேக்கைப் பார்க்கலாம். பிறேக்கின் நோயை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. மருத்துவன் கை நாடி பார்ப்பது போல, ஓட்டுநரின் கால் பிறேக் மிதியில் நோயறியும். மிதித்ததும் உயரத்திலேயே உறுதியாக நின்றால் நலம். முதல் மிதியில் ஆழமாகச் சென்று, அடுத்தடுத்து மிதிக்க உயர்ந்து வந்தால், லைனிங்குக்கும் டிறம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது; சரிசெய்யும் ஆணியைத் திருப்ப வேண்டும். பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது. காலை அழுத்தி வைத்திருக்கையில் மிதி மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்தால், எங்கோ கசிகின்றது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்துவிட்டது. பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சில்லின் லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம். இந்த ஐந்து குறிகளையும் அறிந்தவர் பாதி வைத்தியர் ஆகிவிடுவார்.

பழைய மாதிரிகளிற் பெரும்பாலானவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த் தொடரே செல்கின்றது. ஓரிடத்தில் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிடியிழக்கும். ஆகவே இரும்புக் குழாயில் துருவும், றப்பர்க் குழாயில் வெடிப்பும் காணப்பட்டால் ஒட்டுப்போட நினையாது மாற்றிவிட வேண்டும். கம்பியாற் கட்டிய பிறேக் குழாயும், சீலை சுற்றிய மூட்டும் சாமர்த்தியத்தின் அடையாளங்கள் அல்ல.

பிறேக் திரவத்தை இலங்கை மக்கள் பொதுவாகப் பிறேக் ஒயில் என்றே சொல்வர். அந்தப் பெயரால் ஒரு கேடு விளைந்துள்ளது. ஒயில்தானே என்று எண்ணி, அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடுவோர் உண்டு. பிறேக் திரவம் கனிய எண்ணெய் அன்று. கனிய எண்ணெய் பட்டால் உள்ளேயுள்ள றப்பர்கள் ஊதிப் பழுதாகி, தொகுதி முழுவதையும் கழற்ற வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் டிறம் சூடேறி, திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொடும்; வண்டி நிற்காது. சப்ரகமுவ ஈரவலய நாடு. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நிலம். அங்கே திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் முற்றாக மாற்றுதல் அவசியம். திறந்து பல மாதம் கிடந்த போத்தலிலுள்ளதை ஊற்றக்கூடாது.

காற்றை வெளியேற்றும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மேலேயிருந்து மிதிக்க, மற்றவர் சில்லின் பின்னுள்ள சிறு முலைத்திருகைத் திறந்து மூட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கி, மிக அருகிலுள்ளதில் முடிக்க வேண்டும். மிதித்தவர், கீழேயிருப்பவர் மூடியதாகச் சொல்லும் வரை காலை எடுத்தல் கூடாது. எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உட்புகும். தந்தை கீழேயும் மகள் மேலேயும் இருந்து செய்யத்தக்க வேலை இது. ஒரு குடும்பத்துக்குள் வண்டியறிவு கைமாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைகளின் போதுதான்.

டிறம்மைக் கழற்றியதும் உள்ளே கருமையான தூசு படிந்திருக்கும். அதனை வாயால் ஊதுவதும், காய்ந்த தூரிகையால் தட்டுவதும் பழைய கராஜ்களின் வழக்கம். முற்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூசு நெஞ்சறைக்குள் சென்றால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆகையால் ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகளை அவ்வேளையில் அருகில் வைத்திருத்தல் ஆகாது.

லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கக் கண்டால் லைனிங்கை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். அச்சுப் பெட்டியின் மேற்புறத்தில் மூச்சு விடும் சிறு வால்வு ஒன்று உண்டு. சேற்றில் ஓடி ஓடி அது அடைபட்டுவிடும். ஓடும்போது அச்சுப் பெட்டி சூடாகி உள்ளேயுள்ள காற்று விரியும். வெளியேற வழியின்றி அது எண்ணெயைத் தள்ள, எண்ணெய் சீலைக் கடந்து பிறேக்குக்குள் பாயும். விரல்நுனி அளவான அந்த வால்வை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினால் பிறேக் பிழைக்கும். பல ஆயிரம் ரூபாச் செலவுக்கு மூலம் ஒரு சிறு துளை அடைபட்டதாக இருப்பது பழைய வண்டிகளில் அரிதன்று.

நிறுத்தும் உறுப்புகளுக்கு அடுத்தன தாங்கும் உறுப்புகள். அலுமினிய மேனி துருப்பிடிக்காது என்று மகிழ்வோர், அதன் கீழே உருக்குச் சட்டம் இருப்பதை மறந்துவிடுகின்றனர். அடிச்சட்டம் பெட்டி போன்ற உட்குழிவான அமைப்பு. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே கறுப்புப் பூச்சு மினுங்கும். உள்ளே உருக்கு உமியாகிக் கிடக்கும். வாங்குமுன்பும், பின்பு ஆண்டுக்கொரு முறையும், சிறு சுத்தியலால் சட்டத்தை முனையிலிருந்து முனைவரை தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். துருவேறியது உடைந்த பானைபோல் ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கலாம். உட்புகுந்தால் விடை கிடைத்துவிட்டது.

அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இன்னொரு கேடு நிகழ்கின்றது. இரு வேறு உலோகங்களும் ஈரமும் சேரும்போது பற்றரிக்குள் நடப்பது போன்ற தாக்கம் உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். கதவின் அடிவிளிம்பில் காணப்படும் வெண்சாம்பல் அதுவே. கழற்றிப் பூட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே நல்ல பூச்சோ மெல்லிய றப்பர்ப் பட்டையோ வைத்தால் அது நெடுங்காலம் தடைப்படும். றப்பர் விளையும் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் முடிந்ததும் சட்டத்தின் உட்புறத்துச் சேற்றைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து, நன்றாகக் காய்ந்தபின் உள்ளே எண்ணெய் விசிறலாம். செலவு சிறிது, நன்மை பெரிது.

மா ஓயாவின் கிளையாறு ஒன்றைக் கடந்து வந்த வண்டியைக் கழுவாமல் நிறுத்திவிடக் கூடாது. கரையேறியதும் பிறேக்கை மெல்ல அழுத்தியவாறு சிறிது தூரம் ஓட்டி டிறம்களை உலர்த்த வேண்டும். ஆழமான நீராயின், மறுநாள் அச்சுப்பெட்டி எண்ணெயைப் பார்க்க வேண்டும். பாலைப்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. தயங்காது மாற்ற வேண்டும்.

கடைசியாக எஞ்சின். பலர் முதலாவதாக வைப்பதை இப்பேச்சு கடைசியாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெற்றோல் எஞ்சின் எளிமையானது. சுருக்கம், பொறி, எரிபொருள் என்னும் மூன்றும் உரிய நேரத்திற் கூடினால் அது ஓடியே தீரும். ஓடாதபோது ஒவ்வொன்றாய்ச் சோதித்தால் குற்றவாளி அகப்படுவான். பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். இரண்டேகால் லீற்றர் எஞ்சினின் வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தின் நூறிலொரு பங்கு. இவ்விரு அளவுகளையும் அளக்கும் தகட்டுக் கட்டு ஒன்று சட்டைப்பையில் அடங்கும். எரிபொருள்ப் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் படியும் நீரையும் தூசையும் மாதமொருமுறை கொட்டுதல், காற்று வடிகட்டியின் எண்ணெயை மாற்றுதல், ரேடியேற்றரின் முன் படியும் சேற்றையும் இலையையும் கழுவுதல் ஆகிய மூன்று பழக்கங்களும் எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

எரிபொருள் வீணாகாமற் காக்கும் வழியும் அதுவே. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசைகள் நீண்டிருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 19ஆந் திகதி, எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ரம்புக்கனைப் புகையிரதக் கடவையில் மக்கள் திரண்டபோது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். ஒரு லீற்றர் எரிபொருளின் விலை என்ன என்பதை அவ்வூர் இரத்தத்தால் அறிந்தது. கரும்புகை கக்கி ஓடும் பழைய வண்டி அவ்வருமையை அறியாத வண்டி. பொயின்றும் பிளக்கும் கார்பரேற்றரும் சரியாக அமைந்த எஞ்சின் குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் செல்லும். அதனை அமைப்பதற்கு வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதே.

வீட்டில் எல்லாம் செய்யலாம் என்று எண்ணுவதும் பிழை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது உண்மையே. ஆயினும் தன் எல்லையை அறிந்தவனே வல்லவன். அடிச்சட்டத்தை ஒட்டும் வேலை தேர்ந்த ஒட்டுநருக்கு உரியது. முன்னாசனத்தின் கீழ் பெற்றோல் தாங்கி இருக்கையில் அருகே தீப்பொறி பறப்பதை நினைத்தாலே போதும். டிறம்மைக் கடைந்து வட்டம் திருத்துவதும், எஞ்சின் உருளைகளைத் துளைத்துப் பெருப்பிப்பதும் கடைசற் பட்டறையின் வேலை. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எதைக் கொண்டுபோக வேண்டும், ஏன் கொண்டுபோக வேண்டும் என்று அறிந்து கொண்டுபோவது. அப்படி அறிந்தவரைக் கராஜ்காரரும் மதிப்பார். தேவையற்ற வேலையை அவர் தலையில் கட்டத் துணியார்.

ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் வண்டிக்கு வேண்டிய உறுப்பே. எந்நாளில் எதை மாற்றியது, எத்தனை மைலில் எண்ணெய் விட்டது, எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைத்தது என்பவற்றை அதில் எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உடனே எறிந்துவிடலாகாது. புதியது பொருந்துமா என்று ஒப்பிடவும், இல்லாத காலத்தில் திருத்திப் பூட்டவும் அது உதவும். இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பல வீடுகளின் தகரப்பெட்டிகளே உதிரிப்பாகக் கடைகளாயின.

இவ்வாறு பேணினால் எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்போருக்கு, இந்தியாவின் மேற்கு வங்காளத்திலுள்ள மானேபஞ்சாங் என்னும் மலையூர் விடை சொல்லும். டார்ஜிலிங் மாவட்டத்தின் அச்சிற்றூரிலிருந்து 3636 மீற்றர் உயரமான சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் சுமார் 31 கிலோமீற்றர்ப் பாதையில், 1950களில் செய்த லாண்ட் றோவர்களை ஊரவர் தலைமுறை தலைமுறையாக ஓட்டி வந்துள்ளனர். சிலவற்றில் மூல எஞ்சின் இல்லை. மகிந்திரா டீசல் எஞ்சின் இருக்கின்றது. தூய்மைவாதிகள் அதைக் குறையென்பர். ஆயினும் வண்டியைச் செய்தவன் கைவிட்ட பின்னும் அதனை ஓட்டுபவன் கைவிடவில்லை என்பதற்கு அது சான்றாகும். இலங்கையிலும், சப்ரகமுவவின் மறுகோடியில், சிங்கராஜ வனத்தின் குடாவ வாயிலுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளைக் காணலாம்.

மலைப்பாதை ஓட்டுநரிடையே ஒரு பழைய விதி உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. எஞ்சினே வண்டியை அடக்கிப் பிடிக்கும்; பிறேக் சூடேறாது; வளைவில் மிதித்தால் உடனே பிடிக்கும். அந்த விதியைக் கைக்கொள்ளும் ஓட்டுநரும், பிறேக்கை முதலிற் பார்க்கும் வீட்டுப் பட்டறையும் சேர்ந்தால், எழுபது வயதான வண்டியும் நம்பத்தக்க வண்டியே. மழை பெய்து சேறான இரவில், லயத்திலிருந்து ஒரு தாயை ஏற்றிக்கொண்டு அது மலையிறங்கும்போது, உள்ளே இருப்போர் எஞ்சினின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களைக் காப்பது, முந்திய ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் சாக்கை விரித்துப் படுத்துச் சரிபார்த்த பிறேக்.